மரக்கறி உணவும் நம் இல்லங்களும்

"நாங்கள் சைவம்" என்று சொல்லும்போது நம்மவர் குரலில் ஒரு பெருமிதம் தோன்றுவதைப் பலரும் கண்டிருக்கலாம். பிழைப்பை நாடிப் பிறமொழி வழங்கும் ஊருக்கு வந்த குடும்பங்களில் அப்பெருமிதம் சற்று மிகுதியாகவே இருக்கும். மைசூரில் வாடகைக்கு வீடு தேடிச் சென்ற அன்பர்கள் இதனை அறிவர். பெயரைக் கேட்பதற்கு முன்பே உணவைக் கேட்கும் வீட்டுக்காரர்கள் உண்டு. "சைவம்" என்ற ஒரு சொல் கதவைத் திறந்துவிடும். அச்சொல் நம் இலையில் எது இல்லை என்பதைத் தெரிவிக்கிறது. இலையில் எது இருக்கிறது என்று யாரேனும் கேட்டால் நம்மில் பலர் விடை கூறத் தயங்குவோம். நானும் தயங்கியவனே. அத்தயக்கம் எவ்வாறு நீங்கிற்று என்பதையே இக்கட்டுரையில் எழுத முற்படுகிறேன். நான் மருத்துவன் அல்லன்; பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, இரயில்வேயில் பார்சல்களை எடை போட்டுச் சீட்டெழுதும் ஓர் எழுத்தன். ஆகவே பிழையிருப்பின் அறிந்தோர் பொறுத்தருள்க.

எங்கள் குடும்பத்தின் ஊர் கௌதள்ளி. கொள்ளேகாலிலிருந்து ஹனூர் வழியாக மாதேசுவரன் மலைக்குச் செல்லும் சாலையில் உள்ள ஊர் அது. சிவராத்திரிக்கும் அமாவாசைக்கும் தீபாவளிக்கும் மலைக்கு நடந்து செல்வோர் அவ்வழியே கூட்டங்கூட்டமாகப் போவதைச் சிறுவயது முதல் பார்த்திருக்கிறேன். மேட்டூர் அணை கட்டப்பெற்ற காலத்தில் (1925–1934) நீருக்குள் போன ஊர்களில் ஒன்றிலிருந்து என் பூட்டனார் மலையைச் சுற்றிக்கொண்டு இப்பக்கம் வந்தார் என்பர். அப்போது கொள்ளேகால் வட்டம் சென்னை மாகாணத்துக் கோயமுத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநில எல்லைகள் திருத்தப்பட்டபோது அவ்வட்டம் மைசூரோடு இணைந்தது. 1997-இல் சாமராசநகர் தனி மாவட்டமாயிற்று. எங்கள் பூட்டனார் ஒருமுறைதான் குடிபெயர்ந்தார். எஞ்சிய பெயர்ச்சியெல்லாம் எல்லைக்கோடு செய்தது. இருப்பினும் "தமிழ்க்காரர் வீடு" என்ற பெயர் நான்கு தலைமுறையாகியும் மாறவில்லை. எங்கள் வீட்டில் எவரும் புலால் உண்டதில்லை என்பதும் மாறவில்லை.

தந்தையார் பணியில் இருக்கும்போதே காலமானார். அதன் பின்னர் அன்னையார் மைசூரை விட்டுக் கௌதள்ளி வீட்டுக்கே சென்று அண்ணன் குடும்பத்துடன் வாழ்ந்து வருகிறார். அகவை அறுபதைக் கடந்தவர். கணவர் மறைந்த நாள்தொட்டு இரவு உணவை விட்டவர். மாதத்தில் நான்கைந்து நாள் பகலிலும் உண்ணாதவர். கொல்லையில் முருங்கை, அகத்தி, தண்டுக்கீரை, பொன்னாங்கண்ணி என்று ஏதேனும் ஒன்று எப்போதும் இருக்கும். கீரையில்லாத நாளே அவருக்கு இல்லை. "அம்மாவின் சாப்பாடு முனிவர் சாப்பாடு" என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம்.

ஈராண்டுகளுக்கு முன் ஒருநாள், கோவிலுக்குச் சென்றவர் ஒரு காலில் மட்டும் செருப்புடன் வீடு திரும்பினார். மற்றொன்று எங்கே என்று அண்ணி கேட்டபோதுதான் அவர் கீழே குனிந்து பார்த்தார். செருப்பு கழன்று விழுந்ததும் அவருக்குத் தெரியவில்லை. கல்லும் முள்ளும் மிதித்து அரைக் கல் தொலைவு நடந்ததும் தெரியவில்லை. பாதத்தில் இரத்தம் கசிந்திருந்தது. அதற்குச் சில திங்கள் முன்பிருந்தே குழம்புக்கு இருமுறை உப்பிடுவதும், பேரனைத் தன் மகன் பெயரிட்டு அழைப்பதும் நிகழ்ந்துகொண்டிருந்தன. வயதின் இயல்பு என்று நாங்கள் சிரித்திருந்தோம். அண்மையிலுள்ள நகரத்தில் ஒரு மருத்துவரிடம் காட்டினோம். அவரும் வயதின் இயல்பு என்றே கூறி, வலிக்குத் தைலம் எழுதிக்கொடுத்தார்.

பிறகு மைசூருக்கு அழைத்துவந்து வேறொருவரிடம் காட்டினேன். அவர் ஊசியால் காலைத் தொட்டுப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு நிற்கச் சொன்னார். அன்னையார் தள்ளாடினார். "என்ன சாப்பிடுவீர்கள்?" என்று மருத்துவர் கேட்டார். அதுவரை எந்த மருத்துவரும் அவரிடம் கேளாத கேள்வி அது. இரத்தச் சோதனையில் பி12 என்னும் வைட்டமின் மிகமிகக் குறைந்திருப்பது தெரிந்தது.

நிற்க. இந்தப் பி12 பற்றி நம் இல்லங்களில் அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும். ஏனைய சத்துக்களில் பெரும்பாலானவற்றை மரக்கறி உண்பவர் தானியத்திலோ பருப்பிலோ கீரையிலோ கனியிலோ தேடிப் பெற்றுவிடலாம். பி12 செடிகொடிகளில் நம்பத்தக்க அளவில் இல்லை. அதனை ஆக்குபவை நுண்ணுயிர்கள். அவை ஆடுமாடுகளின் வயிற்றில் வாழ்ந்து, பாலின் வழியாகவும் இறைச்சியின் வழியாகவும் மனிதரை அடையச் செய்கின்றன. இட்டிலி மாவு புளிக்கிறதே, பழையது புளிக்கிறதே, அதில் வந்துவிடாதா என்று கேட்போர் உண்டு. அதனை நம்பியிருக்க இயலாது. புலால் உண்ணாதார்க்குப் பாலும் தயிரும் மோருமே வழி. பாலையும் விலக்கினோர்க்கு மாத்திரை ஒன்றே வழி.

இந்தக் குறைவு உடனே வெளிப்படுவதுமில்லை. ஈரல் இதனைச் சேமித்து வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் செலவிடும். கையிருப்புத் தீரும்வரை கடன் தெரியாத குடும்பத்தைப் போன்றது உடல். பி12 குறைந்தால் வழக்கமாக இரத்தம் குன்றும், முகம் வெளுக்கும், யாரேனும் கண்டுபிடித்துவிடுவர். ஆனால் கீரை மிகுதியாக உண்போரிடம் அதுவும் நிகழாமற்போகக் கூடும். கீரையில் நிறைந்துள்ள ஃபோலேட் என்னும் மற்றொரு வைட்டமின் இரத்தத்தை ஒருவாறு காப்பாற்றிவிடும், நரம்பைக் காப்பாற்றாது. வெளியே நலமாகத் தோன்ற, உள்ளே நரம்பு கெடும். அன்னையாரின் முகத்தில் சோகையின் அடையாளமே இல்லாததற்கு அவருடைய கீரையே காரணமாயிருக்கலாம் என்று மருத்துவர் சொன்னபோது, அந்தக் கொல்லைப்புறம் என் கண்முன் வந்து நின்றது.

இவ்விரு வைட்டமின்களின் வரலாற்றிலும் நம் நாட்டுக்குப் பங்குண்டு. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவ அம்மையார் 1928-இல் பம்பாய்க்கு வந்து, ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில் கருவுற்ற பெண்டிரை வாட்டிய சோகையை ஆராய்ந்தார். நம் நீலகிரிக் குன்னூரிலும் பணிபுரிந்தார். மதுவடிக்கும் ஈஸ்ட்டின் சாறு அச்சோகையைத் தீர்ப்பதைக் கண்டார். அதிலிருந்த பொருளே பின்னர் ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. மற்றொரு கொடிய சோகைக்கு ஈரலை உணவாகக் கொடுத்துக் குணமாக்கலாம் என்று அமெரிக்க மருத்துவர் மைனாட்டும் மர்ஃபியும் 1926-இல் காட்டினர். 1934-இல் அவர்களுக்கும் விப்பிளுக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. அந்த ஈரலுக்குள் இருந்த செந்நிறப் படிகம் 1948-இல் பிரித்தெடுக்கப்பட்டது. அதுவே பி12. அதன் கட்டமைப்பை வகுத்துரைத்த டாரத்தி ஹாட்ஜ்கின் அம்மையார் 1964-இல் நோபெல் பரிசு பெற்றார். என் அன்னையார் நூறாண்டுக்கு முன் பிறந்து இந்நோயுற்றிருந்தால், அவருக்கு மருத்துவர் நாள்தோறும் ஈரலைத்தான் உண்ணச் சொல்லியிருப்பார். அவர் என்ன விடை சொல்லியிருப்பார் என்பது எனக்குத் தெரியும்.

இக்காலத்திலும் அவர் எளிதில் இணங்கவில்லை. ஊசியைப் பார்த்து, "இது எதுலேருந்து எடுக்கறது கண்ணு?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மருத்துவரையே கேட்டேன். நுண்ணுயிர்களைத் தொட்டிகளில் வளர்த்து, தயிர் உறைவதைப் போலப் புளிக்கவைத்தே இப்போது இதனை ஆக்குகிறார்கள். எந்த உயிரையும் அறுப்பதில்லை என்று விளக்கினார். அதன் பிறகே கையை நீட்டினார். பின்னர் கொடுத்த மருந்துகளில் மேலுறையிட்டவற்றை மட்டும் ஒதுக்கிவிட்டார். அவ்வுறைகள் பல, மாட்டின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கும் ஜெலட்டினால் ஆனவை என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தனர். சொன்னவர் சொன்னது சரியே. உறையில்லாத மாத்திரையாக மாற்றி வாங்கினோம். நம் வீட்டு முதியோர் மருந்தை மறுக்கும்போது பிடிவாதம் என்று எண்ணிவிடாமல், அவர்கள் கேட்கும் கேள்விக்கு விடை தேடித் தருவது நலம்.

கால் மரத்துப்போவதெல்லாம் இக்குறைவினாலேயே என்று எவரும் கொள்ளற்க. நீரிழிவினாலும் அது நேரும். நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் என்னும் மாத்திரையை நெடுங்காலம் உண்போர்க்கும், வயிற்றெரிச்சலுக்கு அமிலங்குறைக்கும் மாத்திரையைப் பல ஆண்டு உண்போர்க்கும் பி12 குறைதல் உண்டு. ஆதலால் சோதித்தறிதலே முறை.

விடுப்பெடுத்துக்கொண்டு அன்னையாருடன் கௌதள்ளிக்குச் சென்றேன். எடை போடுவது என் தொழில். வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. ஒரு சிறு தராசை வாங்கிவந்து, ஆறு நாள் அடுப்பங்கரைக்குப் போவதையெல்லாம் நிறுத்து எழுதினேன். "தம்பி, பார்சல் ஆபீசை வீட்டுக்கே கொண்டாந்துட்டீங்களா?" என்று அண்ணி நகைத்தார். முதல் நாள் நகைத்தார். மூன்றாம் நாள் தாமே நிறுத்துச் சொன்னார். அன்னையார், அண்ணன், அண்ணி, குழந்தைகள் இருவர் ஆக ஐவருக்கு நாள்தோறும் இட்டிலி தோசைக்கும் சேர்த்து அரிசி ஒன்றேமுக்கால் கிலோ. பருப்பும் பயறும் ஐவருக்குமாகச் சேர்த்து 150 கிராம். காய்கறி ஒரு கிலோவுக்கும் குறைவு. அதிலும் பாதி உருளைக்கிழங்கும் வெங்காயமும். பழம் மலைக்குச் செல்லும் உறவினர் வந்த நாளில் மட்டும்.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு நெறிமுறைகளில், 2000 கலோரி உண்ணும் ஒருவருக்கு ஒரு நாளைய அளவு சொல்லப்பட்டிருக்கிறது: தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காய்கறி கீரைகள் 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, கொட்டை வித்துக்கள் 35 கிராம். தானியத்திலிருந்து கிடைக்கும் ஆற்றல் மொத்தத்தில் 100-க்கு 45 பங்கைத் தாண்டலாகாது. நம் நாட்டிலோ அது 50 முதல் 70 வரை இருக்கிறது என்றும் அது கூறுகிறது. ஐவருக்கு 425 கிராம் இருக்கவேண்டிய பருப்பு, எங்கள் வீட்டில் 150. சாம்பார் நாள்தோறும் வைக்கிறோமே என்று அண்ணி கேட்டார். வைக்கிறோம், அதில் பருப்பைக் காட்டிலும் புளித்தண்ணீரே மிகுதி. நம் சமையல் கெட்டிக்காரத்தனத்தில் இதுவும் ஒன்று: ஒரு பிடிப் பருப்பை ஒரு குண்டான் குழம்பாக்கிவிடுவோம்.

பாலின் கணக்கே எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. வீட்டில் ஒரு பசு இருக்கிறது. நாளொன்றுக்கு ஆறு லிட்டர் கறக்கும். ஐந்து லிட்டர் பால் சங்கத்துக்குப் போகும். அந்தப் பணத்தில்தான் பள்ளிக் கட்டணமும் மளிகைக் கடனும் தீர்கின்றன; அண்ணனைக் குறை கூறமாட்டேன். எஞ்சிய ஒரு லிட்டரில் காப்பிக்குப் பாதி, தயிருக்குப் பாதி. அன்னையாருக்குக் காலையில் காப்பியில் ஊற்றும் பால் 50 மில்லி; பகலில் தயிர் ஒரு கரண்டி விட்டு ஒரு செம்புத் தண்ணீர் கலந்த மோர். "வளர்ற பிள்ளைங்க சாப்பிடட்டும்" என்று கெட்டித் தயிரை எப்போதும் பேரப்பிள்ளைகளுக்கே வைப்பார். ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவையான பி12 ஏறத்தாழ 2 மைக்ரோகிராமும் அதற்குச் சற்று மேலும் ஆகும். அரை லிட்டர் பாலில் ஏறத்தாழ அந்த அளவு உண்டு. அன்னையார் கொண்டது நூறு மில்லிக்கும் குறைவு. அதுவும் பத்தாண்டுக்கு மேலாக. பசுவைக் குளிப்பாட்டிப் புல்லறுத்துப் போட்டவர் அவர்.

எங்கள் வேலிக்கு அப்பால் கன்னடக் குடும்பம் ஒன்று உண்டு. அவர்களும் புலால் உண்ணாதவர்களே. அவ்வீட்டு அஜ்ஜிக்கு அன்னையாரைவிடப் பத்து வயது கூடுதல். இன்னும் களையெடுக்கப் போகிறார். பகலில் ஓர் இராகி முத்தே, ஹுருளிக்காளு சாறு. அதாவது நம் கொள்ளுச்சாறு. இல்லையேல் பஸ்ஸாறு. பயற்றையும் கீரையையும் சேர்த்து வேகவைத்து, வடித்த நீரைச் சாறாக்கி, வெந்ததைத் தாளித்துப் பக்கத்தில் வைத்துக்கொள்வது அது. சத்துள்ள நீரைச் சாக்கடையில் ஊற்றாத சமையல். மார்கழி தைப் பனிக்காலத்தில் அவரைக்காய் வந்துவிட்டால் அந்த வீட்டில் வேறு மணமே இராது. பிறகு ஒரு குவளை மோர். சிறுவயதில் நான் அவ்வீட்டில் முத்தே தின்றுவிட்டு வந்தால் என் பாட்டியார் கடிந்துகொள்வார். "நமக்கென்ன சோத்துக்கா பஞ்சம்?" என்பார்.

இத்தனைக்கும் இராகி நமக்குப் புதிதன்று. கேழ்வரகு என்போம், கொங்கு நாட்டார் ஆரியம் என்பர். எங்கள் பூட்டனார் வந்த ஊர்ப்பக்கத்தில் களியும் கூழுமே உணவு. அரிசிச் சோறு பொங்கலுக்கும் தீபாவளிக்கும். வந்த இடத்தில் சற்றுக் கையூன்றியதும் அரிசிக்கு மாறினோம். மாறியதை உயர்வென்று எண்ணினோம். எண்ணியதன் விலையைப் பாருங்கள். 100 கிராம் இராகியில் சுண்ணாம்புச் சத்து 340 முதல் 360 மில்லிகிராம் வரை உண்டு. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவே. இரும்புச் சத்து இராகியில் நான்கு மில்லிகிராமுக்கு அருகில். தீட்டிய அரிசியில் ஒன்றுக்கும் குறைவு. அஜ்ஜியின் கொள்ளிலோ 100 கிராமுக்கு 22 கிராம் புரதம் உண்டு.

அரிசிக்கும் இராகிக்கும் எது பெரியது என்ற வழக்கு கன்னட நாட்டில் மிகப் பழையது. 16-ஆம் நூற்றாண்டினரான கனகதாசர் அதனையே பொருளாக வைத்து "இராமதான்ய சரிதை" என்ற நூலை இயற்றினார். இரண்டும் இராமபிரான் முன் வழக்காடுகின்றன. அவர் இரண்டையும் ஆறு திங்கள் சிறையில் வைக்கச் சொல்கிறார். வெளிவரும்போது நெல் நலிந்துபோயிருக்கிறது. இராகி கெடாமல் நிற்கிறது. இராகவன் தன் பெயரையே அதற்குத் தருகிறான் என்பது கதை. உயர்ந்தோர் உணவென்றும் தாழ்ந்தோர் உணவென்றும் மக்களையே பிரித்துவைத்த காலத்தில் எழுந்த நூல் அது என்பதை நினைத்துப் படித்தல் வேண்டும். நம் பாட்டியார் என்னைக் கடிந்தபோது அவரும் அதே வழக்கில்தான் சாட்சி சொல்லியிருக்கிறார்.

வழக்கு ஆய்வுக்கூடத்துக்கும் போயிற்று. குன்னூரில் இராபர்ட் மக்கேரிசன் என்னும் மருத்துவர் 1920-களில் எலிகளைக் கூட்டங்கூட்டமாகப் பிரித்து, இந்திய மக்கள் பலரின் உணவுகளை ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒன்றாகக் கொடுத்து வளர்த்தார். முழுக் கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி ஆகியவற்றோடு எப்போதேனும் சிறிது இறைச்சி என்றமைந்த சீக்கியர் உணவு பெற்ற எலிகள் முதலிடத்தில் நின்றன. கன்னடர் உணவு இடையில் நின்றது. அரிசியையே பெரிதும் நம்பிய சென்னை மாகாணத்தார் உணவு பெற்ற எலிகள் கடைசியில் நின்றன. எலி வேறு, மனிதன் வேறு என்பது உண்மையே. ஆனாலும் அப்பட்டியலின் கடைசி வரியில் நம்மைக் கண்டபோது எனக்குச் சற்று நாணமாகத்தான் இருந்தது. அவர் தொடங்கிய ஆய்வுக்கூடமே 1958-இல் ஐதராபாத்துக்குச் சென்று, 1969-இல் நான் மேலே குறித்த தேசிய நிறுவனமாயிற்று.

ஆனால் நம் முன்னோரின் அறிவுக்கும் அதே காலத்தில் ஒரு சான்று கிடைத்தது. பி1 என்னும் வைட்டமின் இன்மையால் வரும் பெரிபெரி நோய், பச்சரிசியைத் தீட்டி உண்ட வட சர்க்கார் மாவட்டங்களில் மிக்கிருந்தது; புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அரிதாயிருந்தது. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள அச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பதே காரணம். பச்சரிசி உயர்வு, புழுங்கல் மட்டம் என்று கருதும் சைவ இல்லங்கள் இன்றும் உள. வெண்மையை உயர்வென்று எண்ணும் பழக்கம் நம்மை எத்தனை முறைதான் ஏமாற்றுவது!

நான் இராகிக்குக் கொடி பிடிக்கிறேன் என்று கருதவேண்டா. இராகியும் தனியே நின்றால் போதாது. முத்தேயை மிளகாய்த் தண்ணீரில் தோய்த்து விழுங்கும் ஏழை வீடுகளைக் கௌதள்ளியிலும் காணலாம். நீரிழிவுடையோர் இரண்டு பெரிய உருண்டை உண்டுவிட்டு இராகிதானே என்று இருந்துவிடவும் முடியாது. அஜ்ஜியின் இலையில் இருந்த நன்மை, தானியத்தோடு பயறு இணைந்ததில் இருந்தது. தானியப் புரதத்தில் லைசின் என்னும் கூறு குறைவு. பயற்றில் அது மிகுதி. பயற்றில் குறைவான மற்றொரு கூறு தானியத்தில் உண்டு. ஒன்றன் குறையை ஒன்று தீர்க்கும். இராகியை முளைகட்டி அரைத்தால் அதிலுள்ள இரும்பும் சுண்ணாம்பும் உடலில் எளிதிற் சேரும். குழந்தைகளுக்கு அவ்வாறு கூழ் காய்ச்சுவது நம் பழைய முறையே. ஹனூர்ப் பக்கத்து மானாவாரி நிலங்களில் இப்போது எங்கும் மக்காச்சோளம். அது கோழித்தீவனத்துக்குப் போகிறது. அஜ்ஜி வீட்டிலும் இப்போது பாதி நாள் ரேஷன் அரிசிதான். பேரப்பிள்ளைகள் முத்தே வேண்டாம் என்கிறார்களாம்.

காப்பியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மரக்கறி உணவிலுள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்பதில்லை. சோற்றோடு காப்பியோ தேநீரோ அருந்தினால் ஏற்பது இன்னும் குறையும். எலுமிச்சை, நெல்லி, கொய்யா ஆகியவற்றை உணவோடு சேர்த்துக்கொண்டால் கூடும். நம் நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்டிரில் 100-க்கு 57 பேர் சோகையுற்றவர் என்று 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புக் கூறுகிறது. காப்பியை ஒரு மணி நேரம் தள்ளிக் குடிப்பதற்குக் காசு செலவில்லை. இட்டிலி முடிந்த கையோடு டம்ளரை எதிர்பார்க்கும் நம் நாக்குத்தான் இணங்கவேண்டும். என் நாக்கு இன்னும் முழுதாக இணங்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மைசூரிலும் பெங்களூரிலும் உள்ள நம் இளங்குடும்பங்களின் நிலை வேறு. கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்பவர்கள். காலையில் ரொட்டித்துண்டு, பகலில் எலுமிச்சைச் சோறு, மாலையில் பிஸ்கட்டு, இரவில் குழந்தைக்கு இரண்டு நிமிட நூடுல்ஸ். பொட்டலத்தின் மேல் பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று தவறாமல் பார்க்கிறோம். 2001 முதல் சட்டப்படி இடப்பட்டுவரும் அப்புள்ளி, உள்ளே புலால் இல்லை என்பதற்கு உறுதி. உருளை வறுவலிலும் சருக்கரைப் பானத்திலும் அதே புள்ளிதான் இருக்கிறது. பார்சல் மேல் ஒட்டிய சீட்டைப் பார்த்து உள்ளிருப்பது நல்ல சரக்கா என்று நான் சொல்ல முடியுமா?

இவற்றையெல்லாம் எழுதிய பிறகும் என் குறிப்பேட்டிலுள்ள ஒரு வரி என்னை விடவில்லை. ஆறாம் நாள் ஒவ்வொருவர் தட்டையும் தனித்தனியே நிறுத்தேன். பருப்பு அண்ணனுக்கும் குழந்தைகளுக்கும் போன பிறகு, அண்ணிக்கும் அன்னையாருக்கும் மிஞ்சியது இரசத்தின் தெளிவும் கீரையும். யாரும் அவர்களுக்கு மறுக்கவில்லை. யாரும் எடுத்து வைக்கவுமில்லை. ஐவருக்கு 150 கிராம் என்று நான் போட்ட கணக்கே தவறு. அந்த 150 கிராம் மூவருக்கு. "கடைசியில் உண்பவர்" என்ற நிலை நம் வீடுகளில் எழுதப்படாத பதவியாக இருந்து வருகிறது. தட்டுகளை நிறுத்து முடித்த அன்று அண்ணன் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நாளையிலேருந்து சங்கத்துக்கு நாலு லிட்டர் போதும்" என்றார். அண்ணி, "கடைக்காரனுக்கு யார் சொல்றது?" என்றார். "நான் சொல்லிக்கிறேன்" என்றார் அண்ணன்.

இப்போது அன்னையாருக்கு மாதம் ஒரு ஊசி. நினைவு பெருமளவு திரும்பிவிட்டது; உப்பு ஒருமுறையே விழுகிறது. இடது பாதத்தில் உணர்ச்சி வந்துவிட்டது. வலது பாதத்தின் பெருவிரலில் இன்னும் வரவில்லை; நெடுநாள் கெட்ட நரம்பு முழுதும் மீளும் என்று உறுதி கூற இயலாது என்கிறார் மருத்துவர். செருப்புக்குப் பின்வார் வைத்துத் தைத்திருக்கிறோம். இரவு உணவு வேண்டா என்ற நோன்பை அவர் விடவில்லை. அதன் இடத்தில் ஒரு குவளைப் பாலுக்கு மட்டும் இணங்கியிருக்கிறார். பாலை உணவாகக் கணக்கிடுவதில்லை என்று தமக்குத் தாமே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டார்.

சென்ற திங்கள் நான் கௌதள்ளிக்குச் சென்றிருந்தபோது பகல் உணவுக்கு எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்து அண்ணியும் உட்கார்ந்தார். களியும் கொள்ளுச்சாறும். அன்னையார் தம் தட்டிலிருந்த தயிரைப் பேத்தியின் தட்டுக்கு மாற்றக் கரண்டியை எடுத்தார். ஒன்பது வயதுப் பேத்தி தட்டைக் கையால் மூடிக்கொண்டு, "சித்தப்பா எழுதிக்குவாரு, அப்பத்தா" என்றாள்.